துவர்ப்பு தெரிந்தவர்களுக்கு ஒரு திறந்த மடல்

ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, மேல்விஷாரம், இராணிப்பேட்டை, வேலூர் ஊர்களில் தோல் தொழிலில் இருக்கும் அண்ணன்மாரே, பாய்மாரே, ஷூ கம்பெனிகளில் தையல் மெஷின் முன்னால் உட்கார்ந்திருக்கும் அக்கா தங்கைகளே,



உங்களில் பலர் வீட்டு ஷோகேஸில், கம்பெனி கொடுத்த ஷீல்டுக்குப் பக்கத்தில், ஒரு தேயிலை டப்பா நிற்கிறது. ஹாங்காங் தோல் கண்காட்சிக்குப் போனவர் வாங்கி வந்ததாக இருக்கும். குவாங்சோ மெஷின் கம்பெனிக்காரர் தந்ததாக இருக்கும். இங்கே தங்கி வேலை பார்த்த தைவான் டெக்னீஷியன் ஊர் திரும்பும்போது கையில் திணித்துவிட்டுப் போனதாகவும் இருக்கும். பட்டுத்துணி ஒட்டிய பெட்டி, உள்ளே தகர டப்பா, அதற்குள் வெள்ளிக் காகித உறை. அழகாக இருக்கிறதே என்று அப்படியே வைத்துவிட்டோம். யாராவது ஒருநாள் திறந்து பாலில் போட்டுக் கொதிக்கவிட்டுச் சர்க்கரையும் சேர்த்துக் குடித்துப் பார்த்து, “என்னங்க இது, ஒரு சாரமும் இல்ல” என்று மூடி வைத்திருப்பார்கள்.

அந்த டப்பாவைத் திறக்கச் சொல்லித்தான் இந்த மடல். நல்ல தேநீரைத் தேர்ந்தெடுக்கவும் பக்குவமாக வடிக்கவும் தமிழ்நாட்டில் யாருக்காவது தொழில்வழித் தகுதி உண்டென்றால் அது உங்களுக்குத்தான். இதை முகத்துதியாகச் சொல்லவில்லை. காரணத்தோடு சொல்கிறேன்.

துவர்ப்புதான் உங்கள் தொழில். குரோம் வருவதற்கு முன் இந்தப் பக்கத்துத் தோலெல்லாம் ஆவாரம்பட்டையிலும் கொன்னைப்பட்டையிலும் கடுக்காயிலும் பதப்பட்டது. ‘ஈஸ்ட் இந்தியா’ தோல் என்ற பெயரில் கப்பலேறியது. 2008-ல் அதற்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. பட்டையிலிருந்து இறங்கும் டானின், தோலிலுள்ள புரதத்தைப் பிடித்துக்கொள்கிறது. அழுகவேண்டிய தோல் அதனால்தான் பதனிட்ட தோலாகிறது. தேயிலைக் கொழுந்தின் உலர்ந்த எடையில் ஏறக்குறைய கால் பங்கு இதே குடும்பத்துப் பொருள்தான். அது நாக்கில் பட்டதும் எச்சிலில் இருக்கும் புரதத்தைப் பிடிக்கிறது. வாய் உலர்ந்து சுருங்குவதுபோல் நாம் உணர்வது அதைத்தான். பால் ஊற்றினால் பாலின் புரதம் முந்திக்கொண்டு அந்தத் துவர்ப்பை வாங்கிக்கொள்கிறது, நாக்கு தப்பிக்கிறது. டீக்கடை டஸ்ட் டீக்குப் பால் பொருந்துவதும், ஷோகேஸ் டப்பாவில் இருக்கும் மெல்லிய தேயிலை பாலில் காணாமல் போவதும் இதனால்தான்.

பட்டைப் பதனீட்டில் பழகிய பெரியவர் யாரையாவது கேளுங்கள். பச்சைத் தோலை எடுத்த எடுப்பிலேயே கெட்டிச் சாற்றில் போடமாட்டார். போட்டால் மேற்பரப்பு மட்டும் இறுகிப்போய் உள்ளே சாறு இறங்காது. முதலில் நீர்த்த சாறு, பிறகு கொஞ்சம் கெட்டி, பிறகு இன்னும் கெட்டி என்று படிப்படியாகக் கொண்டுபோவார். சீனாவின் ஃபூஜியன், சாவ்சோ பகுதிகளில் தேநீர் வடிப்பவரும் இந்தப் பொறுமையைத்தான் கைக்கொள்கிறார். சின்னக் கலத்தில் நிறைய இலை போட்டு, சுடுநீர் ஊற்றி, கால் நிமிடத்தில் வடித்துவிடுவார். அதே இலையில் மறுபடி ஊற்றுவார், மறுபடி வடிப்பார். ஆறேழு முறை வடித்தாலும் ஒவ்வொரு முறையும் சுவை மாறி வரும். ஒரே தடவையில் எல்லாத் துவர்ப்பையும் கறந்துவிட நினைத்தால் நல்ல இலையும் கசந்துபோகும்.

இனி, டப்பாவில் இருப்பது என்ன என்று பார்க்கலாம். மேலே எழுதியிருக்கும் சீன எழுத்தைப் படிக்கத் தெரியவேண்டியதில்லை. இலையைப் பார்த்தே பெரும்பாலும் சொல்லிவிடலாம். ஒன்றை மட்டும் முதலில் மனதில் வையுங்கள்: பச்சைத் தேநீர், வெள்ளைத் தேநீர், ஊலாங், கறுப்புத் தேநீர், பூ-அர் எல்லாமே ஒரே செடியின் இலைதான். பறித்தபின் இலை காற்றில் எவ்வளவு நேரம் கறுக்கிறது, எப்போது சூடு காட்டி அதை நிறுத்துகிறார்கள் என்பதில்தான் வேறுபாடு. ஒரே ஆட்டுத்தோல் உங்கள் கையில் கையுறைத் தோலாகவும், லைனிங்காகவும், ஷூவின் மேல்தோலாகவும் பிரிந்து போவதை நீங்கள் தினமும் பார்க்கிறீர்கள்.

மிளகைவிடப் பெரிதாக, கரும்பச்சை உருண்டைகளாகச் சுருண்டிருந்தால் அது ஊலாங். ஃபூஜியனின் ஆன்ஷியிலிருந்து வரும் டியே குவான் யின் ஆகவோ, தைவானின் நாந்தோவ் பகுதி டாங் டிங் ஆகவோ இருக்கலாம். நம் ஊருக்கு வந்த பரிசு டப்பாக்களில் நான் அதிகம் பார்த்தது இந்த வகைதான். தட்டையாக, இஸ்திரி போட்ட இலைபோல் இளம்பச்சையாக இருந்தால் ஹாங்சோ ஏரிப் பக்கத்து லோங்ஜிங். சூடான இரும்புச் சட்டியில் கையாலேயே அழுத்தி வறுத்த பச்சைத் தேயிலை. ஊசி ஊசியாக, பளபளக்கும் அடர்பச்சையாக இருந்தால் ஜப்பானின் செஞ்சா. அவர்கள் வறுப்பதில்லை, ஆவியில் வேகவைக்கிறார்கள். நீளமாக முறுக்கிக் கறுத்து, வறுத்த வாசனை அடித்தால் வூயி மலையின் பாறைத் தேநீர். அதே மலையில் பைன் விறகுப் புகை காட்டி உலர்த்தும் லாப்சாங் சூசோங் என்றொரு கறுப்புத் தேயிலையும் உண்டு. அதன் புகை மணம் சிலருக்கு ஆகாது. டிரம்முக்கும் சுண்ணாம்புக் குழிக்கும் பழகிய மூக்குக்கு அது பிடித்துப்போகும் என்று நினைக்கிறேன்.

காகிதத்தில் சுற்றிய வட்டமான அடை ஒன்று இருந்தால், அது பெரும்பாலும் யுன்னான் மாகாணத்துப் பூ-அர். வழக்கமான எடை 357 கிராம். ஏழு அடைகளை மூங்கில் மட்டையில் கட்டி ஒரு கட்டாக விற்பார்கள். இது வருடம் ஆக ஆகப் பக்குவப்படும் தேயிலை. மற்ற பெரும்பாலானவற்றுக்கு வயது எதிரி. பச்சைத் தேயிலை ஒரு வருடத்தைத் தாண்டினாலே மணம் இழந்துவிடும். மூன்று வருடமாக ஷோகேஸில் வெயில் பட்டுக்கொண்டிருந்த லோங்ஜிங்கைத் தயங்காமல் ரோஜாத் தொட்டியில் கொட்டிவிடுங்கள். ஊலாங் பழசாகியிருந்தால் வெறும் வாணலியில் மிக மெல்லிய தீயில் சில நிமிடம் வறுத்துப் பாருங்கள். நன்கு வறுத்த ரகமாக இருந்தால் பெரும்பாலும் மீண்டுவிடும்.

தரம் பார்ப்பதற்கு உங்களுக்கு நான் பாடம் நடத்த வேண்டியதில்லை. தோலை ரகம் பிரிக்கும் மேஜையை வடக்கு வெளிச்சம் விழும் ஜன்னலோரம் போடுவது உங்கள் வழக்கம். நேர் வெயிலில் நிறம் ஏமாற்றும், கீறல் மறையும். தேநீர் ருசி பார்ப்பவர்களின் அறையிலும் இதே விதி. அவர்களும் வடக்கு வெளிச்சத்தையே நம்புகிறார்கள். உலர்ந்த இலை ஒரே அளவில் இருக்கிறதா, அடியில் தூள் எவ்வளவு சேர்ந்திருக்கிறது என்று பாருங்கள். ஒரு பிடி இலையைக் கையில் வைத்து மூச்சை ஊதி உடனே முகர்ந்தால், ஈரம் பட்டதும் எழும் மணத்தில் பழசு, புகை, பூஞ்சை எல்லாம் தெரிந்துவிடும். வடித்தபின் நனைந்த இலையை ஒரு தட்டில் விரித்துப் போட்டு விரலால் தடவுங்கள். நல்ல இலை முழுதாக விரியும், இழுத்தால் கொஞ்சம் கொடுக்கும். இரண்டு இலையும் ஒரு மொட்டும் சேர்ந்தே கிடைத்தால் பெரும்பாலும் கையால் பறித்தது என்று அர்த்தம். கிரெய்ன் பார்த்துப் பழகிய விரல்களுக்கு இது விளையாட்டு.

இதற்கென ஒரு சர்வதேசச் சோதனை முறையும் இருக்கிறது, ஐ.எஸ்.ஓ. 3103. நூறு மில்லி கொதிநீருக்கு 2 கிராம் தேயிலை, 6 நிமிடம். தோல் சோதனைக்கூடத்தில் வேலை செய்பவர்களுக்கு இதன் நோக்கம் உடனே புரியும். இது குடிப்பதற்கான பக்குவமல்ல. குறைகளை வெளியே இழுத்துக் காட்டுவதற்கான முறை. இரண்டு கடைத் தேயிலைகளுக்குள் எது மேல் என்று சந்தேகம் வந்தால் இரண்டையும் இப்படிப் போட்டுப் பாருங்கள்.

அடுத்தது தண்ணீர். நம் ஊர்களில் தேநீரைப் பற்றி எழுதுகிறவர் இதை இரண்டு வரியில் கடந்துபோக முடியாது.

எட்டாம் நூற்றாண்டில் தேநீருக்கென்றே ஒரு நூல் எழுதிய லு யூ என்ற சீனர், மலைத் தண்ணீர் சிறந்தது, ஆற்றுத் தண்ணீர் நடுத்தரம், கிணற்றுத் தண்ணீர் கடைசி என்று வரிசைப்படுத்தினார். பாலாற்றங்கரையில் பிறந்த நமக்கு இந்த வரிசை வலிக்கும். நம் பாட்டிமார் ஆற்று மணலில் ஊற்றுத் தோண்டிச் சுரைக்குடுக்கையால் மொண்டு வந்த தண்ணீரை லு யூ குடித்திருந்தால் தன் வரிசையை மாற்றியிருப்பார். அந்தத் தண்ணீருக்கு என்ன ஆயிற்று என்று உங்களுக்கே தெரியும். உப்பு போட்டு வரும் பச்சைத் தோலை ஊறவைத்து அலசினால் அந்த உப்பெல்லாம் தண்ணீரில் இறங்குகிறது. பல ஆண்டுகள் அது நிலத்துக்கும் ஆற்றுக்குமே போனது. வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தபோது, தோல் தொழிற்சாலைகள் இருக்கும் பகுதியில் ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுதாகவோ பயிருக்கு ஆகாமல் போயிற்று என்ற ஆய்வைத் தீர்ப்பிலேயே குறிப்பிட்டது. மாசு செய்தவரே ஈடு கட்ட வேண்டும் என்ற கொள்கை இந்தியச் சட்டத்தின் ஒரு பகுதி என்று நீதிமன்றம் இந்த வழக்கில் அறிவித்தது. அதே ஆண்டு டிசம்பரில் கல்கத்தாவின் டாங்ராவிலிருந்து தோல் தொழிற்சாலைகளை வெளியேற்றச் சொல்லியும் உத்தரவு வந்தது. அங்கே தலைமுறைகளாகத் தோல் பதனிட்டவர்கள் ஹக்கா சீனர்கள். தோல், தண்ணீர் இரண்டின் கதையும் அவர்களுக்கும் நமக்கும் ஒன்றாகவே எழுதப்பட்டது.

உங்களைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்த இதை எழுதவில்லை. பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் வந்தன. கழிவுநீரை வெளியே விடாத முறைக்கு உங்களில் பலர் பெரும் பணம் செலவழித்து மாறியிருக்கிறீர்கள். ஆனாலும் 2025 ஜனவரியிலும் உச்ச நீதிமன்றம் இந்தப் பகுதி மக்களுக்கான இழப்பீட்டைப் பற்றிப் பேசவேண்டியிருந்தது. பழைய காயம் இன்னும் ஆறவில்லை. ஒரு கோப்பை நல்ல தேநீர் வைக்க முயன்றால் அது உங்கள் நாக்கிலேயே தெரியும். போர் தண்ணீரைக் கொதிக்கவைத்து நல்ல ஊலாங்கில் ஊற்றிப் பாருங்கள். நிறம் மங்கும், மேலே எண்ணெய்ப் படலம்போல் ஒன்று மிதக்கும், மணம் எழவே எழாது. கடின நீரில் உள்ள சுண்ணாம்புச் சத்து தேயிலையின் டானினோடு சேர்ந்து அந்தப் படலத்தை உண்டாக்குகிறது. இருபது லிட்டர் கேன் தண்ணீர் இதற்கு நேர்மாறு. பெரும்பாலும் ஆர்.ஓ. தண்ணீர் அது, சத்தெல்லாம் போய்விடுவதால் தேநீர் சப்பென்று ஆகிவிடும். மேட்டூரிலிருந்து கூட்டுக் குடிநீர்த் திட்டத்தில் வரும் காவிரித் தண்ணீர் கிடைக்கும் வீட்டில் அதைப் பயன்படுத்துங்கள். 2019 ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் சென்னைக்குப் போன அதே தண்ணீர்தான். திறந்த பாத்திரத்தில் ஓர் இரவு வைத்தால் குளோரின் வாசனை குறையும். அது இல்லையென்றால் கேன் தண்ணீரில் கால் பங்கு வேறு நல்ல தண்ணீர் கலந்துகொள்ளுங்கள். கம்பெனி லேபில் இருக்கும் டி.டி.எஸ். மீட்டரை ஒருநாள் வீட்டுக்குக் கொண்டுவந்து அளந்து பாருங்கள். குடிநீருக்கு 500 வரை ஏற்கலாம் என்பது இந்தியத் தர நிர்ணயம். தேநீருக்கு 50-லிருந்து 150-க்குள் இருந்தால் இலை தன் முழுக் குணத்தையும் காட்டுவதை நான் பார்த்திருக்கிறேன்.

பாத்திர விஷயத்தில் மிரளவேண்டாம். விலையுயர்ந்த பெட்டியைப் பார்த்துவிட்டு இதற்கு ஒரு முழு செட் வேண்டும்போல என்று நினைத்துத்தான் பலர் ஆரம்பிப்பதே இல்லை. ஹாங்சோவில் லோங்ஜிங்கைச் சாதாரணக் கண்ணாடி கிளாஸில்தான் குடிக்கிறார்கள். இலையைப் போட்டு, சுடுநீர் ஊற்றி, இலைகள் நின்று மெல்ல இறங்குவதைப் பார்த்துக்கொண்டே உறிஞ்சுகிறார்கள். நம் டீக்கடை கிளாஸ் அதற்குத் தோதானது. பச்சைத் தேயிலைக்குத் தண்ணீர் 75, 80 டிகிரிக்கு ஆறியிருக்க வேண்டும். அளக்க வெப்பமானி தேவையில்லை. கொதித்த தண்ணீரை இரண்டு எவர்சில்வர் டம்ளர்களில் மாற்றி மாற்றி இரண்டு மூன்று முறை ஆற்றுங்கள், போதும். ஆற்றும் கலையில் நம்மை மிஞ்ச யார் இருக்கிறார்கள்! 150 மில்லிக்கு 2, 3 கிராம் இலை போட்டு இரண்டு நிமிடம் விட்டால் சரியாக இருக்கும். ஜப்பானியர்கள் செஞ்சாவுக்குப் பக்கவாட்டில் கைப்பிடி வைத்த கியூசு என்ற களிமண் கெண்டியை வைத்திருக்கிறார்கள். தொகொனாமே என்ற ஊரின் செம்மண் கியூசுக்கு நல்ல பெயர். அது இல்லாமலும் செஞ்சா நன்றாகவே வரும்.

ஊலாங்குக்கு மட்டும் ஒரு பாத்திரம் வாங்கலாம் என்பேன். கைவான் என்று பெயர். பீங்கானில் அடித்தட்டு, கிண்ணம், மூடி மூன்றும் சேர்ந்தது. நூறு, நூற்றிருபது மில்லி பிடித்தால் போதும். ஐந்தாறு கிராம் இலை, கொதிக்கும் தண்ணீர். முதல் தண்ணீர் இருபது முப்பது விநாடி. மூடியைக் கொஞ்சம் சாய்த்து இடுக்கு விட்டு வடியுங்கள். விளிம்பில் பிடித்தால் விரல் சுடாது. ஒவ்வொரு முறையும் பத்து விநாடி கூட்டிக்கொண்டே போங்கள். ஒவ்வொரு தண்ணீருக்கும் மூடியின் உட்புறத்தை முகர்ந்து பாருங்கள், பூ மணத்திலிருந்து பழ மணத்துக்கு அது நகர்வது தெரியும். பூ-அருக்கு முதல் தண்ணீரை ஊற்றிக் கழுவிக் கொட்டிவிட்டு இரண்டாவதிலிருந்து குடிக்க வேண்டும். யீஷிங் களிமண் கெண்டி என்று ஒன்று உண்டு. ஊதாநிற மண்ணில் மெருகில்லாமல் சுட்டது. அந்த மண் மணத்தைக் குடிக்கும், ஆகவே ஒரு கெண்டிக்கு ஒரே வகைத் தேயிலை. அதை வாங்க அவசரப்படாதீர்கள். சாயம் கலந்த போலிகள் சந்தையில் ஏராளம்.

களிமண் என்றதும் சொல்லவேண்டிய ஒன்று இருக்கிறது. காட்பாடிக்குப் பக்கத்தில் கரிகிரி இருக்கிறது. அந்த ஊர் மட்பாண்டத்துக்குப் பெயர்போன ஊர். நம்மில் எத்தனை பேர் வீட்டில் கரிகிரி மண்ணில் வனைந்த ஒரு கிண்ணம் இருக்கிறது? யீஷிங்கும் தொகொனாமேயும் உலகப் பெயர் பெற்றது அங்கிருந்த தேநீர்ப் பிரியர்கள் தம் பக்கத்து ஊர்க் குயவரிடம் போய் இந்த அளவில், இந்த மூக்கோடு, இவ்வளவு மெல்லியதாக வேண்டும் என்று தலைமுறை தலைமுறையாகக் கேட்டுக்கொண்டே இருந்ததாலும்தான். ஒரு ஷூவின் கட்டைக்கு அரை மில்லிமீட்டர் பிசகினாலும் திருப்பி அனுப்புகிற நீங்கள், ஒரு குயவரோடு உட்கார்ந்து நூறு மில்லி மூடிக் கிண்ணத்துக்கு அளவு சொல்ல மாட்டீர்களா?

டஸ்ட் டீயை விடச் சொல்வதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். காலை ஷிஃப்டுக்கு முன் பாய்லர் பக்கத்தில் நின்று குடிக்கும் ஸ்ட்ராங் டீக்கு ஈடு எதுவும் கிடையாது. ரம்ஜான் இரவுகளில் பள்ளிவாசல் தெருக் கடைகள் விழித்திருப்பதும் அதனால்தான். காப்பி ஒருகாலத்தில் தமிழ்நாட்டில் மேல்தட்டின் அடையாளமாக இருந்தபோது, தேநீர் உழைப்பாளிகளின் பானமாகத்தான் பரவியது. அந்தப் பாரம்பரியம் நமக்குப் பெருமை. இலையை நசுக்கி, கிழித்து, சுருட்டும் சி.டி.சி. இயந்திரம் 1930களில் அசாமில் பழக்கத்துக்கு வந்தபிறகு, கொஞ்சம் தூளில் நிறைய டிக்காஷன் எடுக்க முடிந்தது. ஏழையின் பாக்கெட்டுக்கும் தேநீர் எட்டியது. அதோடு இன்னொன்றும் நடந்தது. முழு இலையின் ருசி நம் நாக்கிலிருந்து நழுவிப்போயிற்று. நாம் குடிக்கும் தூளும் பெரும்பாலும் நம் நீலகிரியிலிருந்துதான் வருகிறது, ஆனால் நீலகிரியின் சிறந்த இலை எப்படி இருக்கும் என்று நமக்கே தெரியாது.

சென்னையிலிருந்து மேட்டுப்பாளையம் போகும் நீலகிரி எக்ஸ்பிரஸ் இரவில் காட்பாடி, ஜோலார்பேட்டை வழியாகத்தான் போகிறது. நாம் தூங்கும்போது நம் ஊரைக் கடந்து தேயிலை மலையின் அடிவாரத்துக்கு ஒரு ரயில் தினமும் போகிறது. குன்னூர், கோத்தகிரிப் பக்கம் போகிறவர்கள் வர்க்கியோடு நின்றுவிடாமல், ‘ஆர்த்தடாக்ஸ்’ என்று கேட்டு முழு இலைத் தேயிலை நூறு கிராம் வாங்கி வாருங்கள். டிசம்பர், ஜனவரி உறைபனிக் காலத்தில் பறித்த இலை கிடைத்தால் விடாதீர்கள். குளிரில் மெதுவாக வளரும் கொழுந்தில் மணம் செறிந்திருக்கும். ஏறத்தாழ எட்டாயிரம் அடி உயரத்தில் இருக்கும் கொரகுந்தா தோட்டத்து இலையை வடித்து ஆம்பூர் பிரியாணிக்குப் பிறகு குடித்தால், நாக்கில் படிந்த நெய்யை அந்தத் துவர்ப்பு மெல்லத் துடைத்தெடுப்பதை உணரலாம். பால் வேண்டாம். 90, 95 டிகிரித் தண்ணீர், டம்ளருக்கு இரண்டரை கிராம், மூன்று நிமிடம். நூறு கிராமில் நாற்பது டம்ளர் வரும், ஒவ்வொன்றையும் இன்னொரு முறை வடிக்கலாம். டீக்கடை விலையோடு கணக்குப் போட்டுப் பார்த்தால் பயப்படும்படி இருக்காது. வேலூரிலேயே வேண்டுமென்றால், சி.எம்.சி. மருத்துவமனையைச் சுற்றிய தெருக்களில் வங்காளிகளுக்காக நடக்கும் மளிகைக் கடைகளில் விசாரியுங்கள். பாலில்லாத ‘லிக்கர் சா’ குடிப்பவர்கள் அவர்கள். டார்ஜிலிங் இலை அங்கே கிடைக்க வாய்ப்புண்டு.

நீலகிரி இலையின் பின்னால் நம் வரலாறும் சீன வரலாறும் பின்னிக் கிடக்கின்றன. 19ஆம் நூற்றாண்டில் மலாக்கா நீரிணைக் குடியேற்றங்களிலிருந்து சென்னை மாகாணச் சிறைகளுக்கு அனுப்பப்பட்ட சீனக் கைதிகள் நடுவட்டம் சிங்கோனாத் தோட்டத்தில் வேலை செய்தார்கள். அவர்களில் சிலர் விடுதலையானபின் தமிழ்ப் பெண்களை மணந்து கூடலூர்ச் சரிவில் குடியேறியதை எட்கர் தர்ஸ்டன் பதிவு செய்திருக்கிறார். தேயிலை வேலையும் அவர்கள் கற்றுக்கொடுத்ததாக நீலகிரியில் சொல்வார்கள். பிறகு, 1964 ஒப்பந்தத்தால் இலங்கையிலிருந்து திரும்பிய தோட்டத் தமிழர்களுக்கு வேலை கொடுக்க 1968-ல் அரசு தொடங்கிய தேயிலைத் திட்டம்தான் இன்றைய டான்டீ. படுகர் சமூகத்துச் சிறு விவசாயிகள் தாங்கள் பறித்துக் கொடுக்கும் பச்சை இலைக்குக் கட்டுப்படியாகும் விலை கேட்டுப் பல வருடங்களாகப் போராடி வருகிறார்கள். முழு இலைத் தேயிலைக்கு உள்ளூரில் ஆள் இருந்தால் அவர்களுக்குக் கொஞ்சமாவது மூச்சு கிடைக்கும்.

ஏற்றுமதி செய்யும் முதலாளிமாரிடமும் மேலாளர்களிடமும் தனியே ஒன்று கேட்கிறேன். செய்யாறில் ஃபெங் டே, பனப்பாக்கத்தில் ஹாங் ஃபூ என்று தைவான் ஷூ நிறுவனங்கள் நம் வாசலுக்கே வந்துவிட்டன. சீனாவிலிருந்தும் ஜப்பானிலிருந்தும் கொரியாவிலிருந்தும் வாங்க வருகிறவர்களை உங்கள் சாம்பிள் ரூமில் உட்காரவைத்துக் காகிதக் கப்பில் டிப் டீ கொடுக்கிறீர்கள். அவர்கள் ஒன்றும் சொல்லமாட்டார்கள், மரியாதைக்காரர்கள். ஆனால் அவர்கள் ஊரில் விருந்து கொடுப்பவரும் விருந்தினரும் ஒருவரையொருவர் எடைபோடும் இடம் தேநீர். நீலகிரி இலையை நல்ல தண்ணீரில், கரிகிரிக் கிண்ணத்தில் வடித்துக் கொடுத்துப் பாருங்கள். எந்தத் தோட்டம், எந்த மாதம் பறித்தது என்று கேட்பார்கள். உங்களுக்கு அது தெரிந்திருக்க வேண்டும். தேயிலை டப்பாவை மட்டும் சாம்பிள் ரூமிலேயே வைத்துவிடாதீர்கள். மணத்தை உறிஞ்சும் குணம் அதற்கு. ஒரே மாதத்தில் தோல் வாசனை ஏறிவிடும். அத்தர் பாட்டிலும் மசாலாவும் இருக்கும் அலமாரிக்கும் இது பொருந்தும்.

ஷூ கம்பெனி அக்கா தங்கைகளுக்கு ஒரு வார்த்தை. சாப்பிட்ட கையோடு டீ குடிப்பது நம் பழக்கம். தோலைப் பிடிக்கும் அதே டானின், கீரையிலும் பருப்பிலும் இருக்கும் இரும்புச் சத்தையும் பிடித்து உடம்பில் சேரவிடாமல் செய்கிறது. இரத்தசோகை உள்ளவர்கள் சாப்பாட்டுக்கும் டீக்கும் நடுவில் ஒரு மணி நேரமாவது இடைவெளி விடுங்கள். பிரியாணிக்குப் பிறகு என்று மேலே சொன்னேனே, அதற்கும் இதே கணக்குதான். கோடையில் கத்திரி வெயில் கொளுத்தும்போது இன்னொரு வழியும் இருக்கிறது. ஒரு லிட்டர் குடிதண்ணீரில் ஐந்தாறு கிராம் முழு இலைத் தேயிலையைப் போட்டு இரவு ஃபிரிட்ஜில் வைத்துக் காலையில் வடிகட்டுங்கள். குளிர்ந்த நீரில் துவர்ப்பு குறைவாகவே இறங்கும், மணமும் இனிப்பும் நன்றாக வரும். சர்க்கரையே வேண்டாம். பாட்டிலில் எடுத்துப்போய் அன்றைக்கே குடித்துவிடுங்கள்.

கடைசியாக, உங்கள் சங்கங்களுக்கு ஒரு வேண்டுகோள். வருகிற தை மாதத்தில் ஆம்பூரிலோ வாணியம்பாடியிலோ ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை ஓர் அறை கொடுங்கள். நுழைவுக் கட்டணம் வேண்டாம், மேடை வேண்டாம், பேச்சாளர் வேண்டாம். உறைபனிக் கால நீலகிரி இலையை நான் கொண்டுவருகிறேன். பட்டைப் பதனீடு தெரிந்த பெரியவர்கள் முன்வரிசையில் உட்காரட்டும். அவர்கள் சொல்வதைக் கேட்டு நாங்கள் எழுதிக்கொள்கிறோம். வருகிறவர்கள் தம் தெருத் தண்ணீரைக் கொண்டுவர வேண்டும்: குழாய்த் தண்ணீர் ஒரு பாட்டில், கேன் தண்ணீர் ஒரு பாட்டில், போர் தண்ணீர் ஒரு பாட்டில். ஒரே இலையை மூன்று தண்ணீரிலும் வடித்து, கிளாஸ்களை ஜன்னலோரம் வரிசையாக வைத்து, எந்தத் தெருவின் தண்ணீர் எப்படி இருக்கிறது என்று ஒரு நோட்டில் குறித்துக்கொள்வோம். போர் தண்ணீர் பாட்டிலில் தெருப் பெயரையும் ஆழத்தையும் மறக்காமல் எழுதி ஒட்டுங்கள்.

அன்புடன்,
வாணியம்பாடியிலிருந்து உங்கள் ஊர்க்காரன்